பின்னிய திமிங்கிலம் முதலில் வாய்க்குத்தான் போகும்

தருமபுரியில் நான் நடத்தும் குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் என்ன பின்ன ஆசை என்று கேட்டால், பெரும்பாலும் பொம்மை என்றுதான் பதில் வரும். இப்போது அதிலும் ஆக்டோபஸ், திமிங்கிலம், ஜெல்லி மீன் என்று கடல் பிராணிகள்தான். கடலைப் பார்க்க இங்கிருந்து பல மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், நமக்குப் பழக்கமானது ஒகேனக்கல் மீன். ஆனாலும் இவர்கள் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை. கடல் பிராணிகளின் உடம்பு ஒரே உருண்டை. கை, கால், காது என்று தனித்தனியாகப் பின்னி ஒட்டுப்போடும் வேலை குறைவு. முதல் பொம்மைக்கு இதைவிட எளிதானது கிடைக்காது.

நான் அடுத்துக் கேட்பது, "யாருக்கு?" என்று. அக்கா குழந்தைக்கு, பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு, பேர் வைக்கிற விழாவுக்கு. அதாவது, ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். அந்த வயதில் குழந்தை எந்தப் பொருளையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும். பொம்மை அழகாக இருக்கிறதா என்று அது பார்க்காது. கடிக்கும், சப்பும், பிய்க்கும். நாம் பின்னுவது அந்த வாய்க்குத் தாங்க வேண்டும்.

முதலில் கண் விஷயம். சட்டைப் பட்டன், பாசிமணி, பசை போட்டு ஒட்டும் ஆடுகிற கண் எதுவும் வேண்டாம். கடையில் 'சேஃப்டி ஐ' என்று விற்கும் பிளாஸ்டிக் கண்ணும் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். அது பின்பக்கம் வில்லை போட்டுப் பூட்டுவதுதான், கழன்று வராது. ஆனால் பின்னல் தளர்ந்தால் வில்லையோடு சேர்ந்து முழுசாக வெளியே வந்துவிடும். பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தரத்தில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு அளவுக் குழாய் இருக்கிறது. சின்னக் குழந்தையின் தொண்டையை மனதில் வைத்து வகுத்த அளவு அது. அதற்குள் முழுசாக அடங்கும் எந்தப் பாகமும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது. பட்டன் அதில் எவ்வளவு சுலபமாக நுழையும் என்று நினைத்துப் பாருங்கள்.

"பட்டன் வெச்சாத்தாங்க்கா முகம் முகமா இருக்கு" என்று வகுப்பில் ஒரு பெண் சொன்னாள். கறுப்பு நூலில் கீழ்நோக்கி வளைந்த ஒரு சின்னக் கோடு, மூடிய இமை மாதிரி, இரண்டு பக்கமும் தைக்கச் சொன்னேன். திமிங்கிலம் தூங்குகிற மாதிரி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பட்டன் டப்பாவைத் திறக்கவே இல்லை. எம்ப்ராய்டரிக் கண்தான் குழந்தைக்கு ஏற்றது, பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். 8 ப்ளை (நூலின் தடிமனைச் சொல்லும் எண்) பருத்தி நூலும் 2.5 மில்லிமீட்டர் ஊசியும் போதும். நூலின் லேபிளில் இன்னும் பெரிய ஊசி போட்டிருக்கலாம், பொம்மைக்கு அதைப் பார்க்காதீர்கள். ஊசி சின்னதாக இருந்தால்தான் ஸ்டிச் இறுகும், உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே வராது. ரோமம் மாதிரி பிசிறு தொங்கும் நூல் கைக்குழந்தைக்கு ஆகாது. பிசிறு பிரிந்து வாயில் சேரும். வெள்ளைத் துணியை நனைத்து நூலில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூலை மேஜை விரிப்புக்கு எடுத்து வையுங்கள்.

பஞ்சு என்றதும் வீட்டில் தலையணைக்கு வாங்கிய இலவம் பஞ்சு ஞாபகம் வரும். வேண்டாம். அதன் இழை மிக மெல்லியது, ஸ்டிச் இடுக்கில் தூசியாக வெளியேறும். துவைத்தால் கட்டி கட்டியாகும், உள்ளே காயாது. ரெக்ரான் என்று கேட்டு வாங்கும் பாலியஸ்டர் பஞ்சுதான் சரி. பழைய துணி வெட்டு, தெர்மகோல் உருண்டை, கிலுகிலுப்பைக்குப் போடும் மணி எதுவும் உள்ளே போகக் கூடாது. அழுத்தினால் பாட்டுப் பாடும் பெட்டியும் வேண்டவே வேண்டாம். அதில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக் கூடியது அது.

இனி திமிங்கிலம். நீல நூலில் மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகி மூடும் நூல் வளையம்) போட்டு அதில் 6 சிங்கிள் குரோஷா (அடிப்படையான சின்ன ஸ்டிச்). இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு ஸ்டிச்சிலும் இரண்டு, மொத்தம் 12. மூன்றாவதில் ஒன்று சாதாரணமாக, அடுத்ததில் இரண்டு, 18. இப்படியே ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஒரு சாதாரண ஸ்டிச்சைக் கூட்டிக்கொண்டே போனால் 24, 30, ஆறாவது சுற்றில் 36. அப்புறம் கூட்டாமல் ஐந்து சுற்று நீலம், இரண்டு சுற்று வெள்ளை. அதுதான் வயிறு. இனிமேல் குறைக்க வேண்டும். நான்கு சாதாரணம், இரண்டை ஒன்றாக்கு, 30. இப்படியே 24, 18, 12, 6 என்று வந்து மூடுங்கள். 18-ல் நிற்கும்போதே பஞ்சு அடைக்க ஆரம்பித்துவிடுங்கள். 12-க்கு வந்த பிறகு விரல் நுழையாது.

இது சுருளாகவே போகும் பின்னல், ஒவ்வொரு சுற்றையும் மூட வேண்டியதில்லை. அதனால் சுற்று எங்கே தொடங்கியது என்பது தெரியாமல் போய்விடும். வேறு நிற நூல் துண்டு ஒன்றை முதல் ஸ்டிச்சில் சொருகி, சுற்றுக்குச் சுற்று மேலே மாற்றிக்கொண்டே வாருங்கள். கையில் கிடைத்தது என்று ஊக்கைக் குத்தி வைக்காதீர்கள், உள்ளே மறந்துபோனால் ஆபத்து. இன்னொன்று, புதிதாகப் பழகுபவர்கள் பலர் உருண்டையை உள்வெளியாகப் பின்னிக்கொண்டே போவார்கள். வெளிப்பக்கம் வரிசை வரிசையாக 'வி' வடிவம் தெரிய வேண்டும். படுக்கைக் கோடுகள் தெரிந்தால் அது உள்பக்கம், திருப்பிவிடுங்கள். குறைக்கும்போது இரண்டு ஸ்டிச்சின் முன்பக்க இழைகளை மட்டும் சேர்த்து எடுத்தால் ஓட்டை விழாது.

வால் இரண்டு துண்டு. 6-ல் தொடங்கி 9, பிறகு 12, கூட்டாமல் இன்னும் இரண்டு சுற்று. பஞ்சு வைக்காமல் தட்டையாக அழுத்தி, இரண்டின் வாயையும் சேர்த்துத் தைத்துப் பிறகு உடம்போடு தையுங்கள். இங்கே எல்லோரும் மீன் வால் மாதிரி நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். திமிங்கிலம் பாலூட்டி. அதன் வால் படுக்கைவாட்டில் இருக்கும், மேலும் கீழும் அடித்து நீந்தும். தரையில் வைத்த விசிறி போல வாலை வையுங்கள், பார்த்த உடனே திமிங்கிலம் என்று தெரியும். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பக்கத்துத் துடுப்பை நான் வைக்கச் சொல்வதில்லை. அது சின்னத் துண்டு, பிய்ந்தால் அந்தக் குழாய்க்குள் அடங்கும் அளவு. வால் போதும்.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டு. நூல் முனை. எல்லாம் முடிந்த சந்தோஷத்தில் முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட நறுக்கிவிடுவார்கள். முடிச்சு அவிழ்ந்தால் மேஜிக் ரிங் திறந்து பஞ்சு வெளியே வரும். பிரிந்து தொங்கும் நூல் அதைவிட மோசம். கைக்குழந்தையின் விரலைச் சுற்றி நூலோ தலைமுடியோ இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் சிவந்து வீங்கும். குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியாமல் வீடே தவிக்கும். காரணமில்லாமல் விடாமல் அழும் குழந்தையின் கை, கால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். நூல் முனையைக் கையளவு நீளம் விட்டு, மூன்று வெவ்வேறு திசையில் உடம்புக்குள் கோர்த்து எடுத்த பிறகு நறுக்குங்கள்.

முடிந்ததும் பொம்மையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்டிச் இடுக்கில் பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தால் பின்னல் தளர்வு, அதை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். வாலைப் பிடித்துப் பலமாக இழுங்கள். பாவம் பார்க்காமல் இழுங்கள். பிறகு துவைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, திருப்பித் திருப்பி உலர்த்துங்கள். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும்போதும் உள்ளே ஈரம் இருக்கும்.

ஆக்டோபஸ் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்குபேட்டரில் இருக்கும் குறைமாதக் குழந்தை ஆக்டோபஸின் காலைப் பிடித்துக்கொண்டு தூங்கும் படம் எல்லோர் போனிலும் வந்திருக்கும். டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிய வழக்கம் அது. கால்கள் தொப்புள்கொடி போல இருப்பதால் குழந்தை அமைதியாகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. முழுப் பருத்தி நூல், இழுத்துப் பிடித்தாலும் கால் நீளம் 22 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒட்டிய கண் கூடாது. அந்தக் குழந்தையைச் சுற்றி மானிட்டரும் நர்ஸும் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நம் வீட்டில் சேலைத் தொட்டிலுக்குள் ஆக்டோபஸைப் படுக்க வைக்காதீர்கள். ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் பக்கத்தில் மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது. முகத்தில் விழுந்தால் அதைத் தள்ளிவிடத் தெரியாது. விழித்திருக்கும்போது, ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். தொட்டிலில் நீளமான கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் வேண்டாம்.

எல்லாம் மீறி எதாவது தொண்டையில் சிக்கினால், கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். மூச்சுவிட முடியாத, அழக்கூட முடியாத கைக்குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டுத் தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் 5 அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும்.

கொஞ்சம் கை பழகியதும் விற்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே நம் தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு இருந்தது. குழுவாகச் சேர்ந்து விற்கும் தைரியம் இங்கே பெண்களுக்குப் புதிதில்லை. ஆனால் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்திருந்தால் அவர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் முதல் ஆர்டர் வாங்குவதற்கு முன்பே கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பொம்மையோடு கொடுக்கும் சீட்டில் என்ன நூல், என்ன பஞ்சு, எந்த வயதுக்கு, எப்படித் துவைக்க வேண்டும் என்று தமிழிலேயே எழுதுங்கள். அந்தச் சீட்டைப் பொம்மையில் தைக்காமல் கையில் கொடுங்கள்.