விடுதலைக்கு முன்பே எழுத வேண்டிய விண்ணப்பம்

அமெரிக்கச் சிறைகளில் இருப்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் முன்னாள் படைவீரர்கள் என்பது அந்நாட்டு நீதித்துறையின் 2011–12 கணக்கு. அவர்களிடையே பணியாற்றும் சமூகப் பணியாளர் என்ற முறையில் நான் கண்டது இது: வெளியே வந்த முதல் சில வாரங்களில் கையில் காசும் தங்க இடமும் மருத்துவரும் இல்லாமல் அல்லாடுகிறவர்தான் பெரும்பாலும் மறுபடியும் உள்ளே வருகிறார்.

ஈராக்கிலிருந்து மனவடு நோயோடு திரும்பிய ஒருவர், எப்போதும் சுவரில் முதுகு படும்படியே உட்காருவார். ஒருநாள் மனைவி அனுப்பிய கடிதமொன்றை மேசைமீது விரித்தார்; பலமுறை மடித்ததில் மடிப்போரங்கள் கிழிந்திருந்தன. படைப்பணியில் ஏற்பட்ட ஊனத்துக்காக மிகுதியாகப் பெற்ற இழப்பீட்டைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று முன்னாள் படைவீரர் நலத்துறை வீட்டுக்கு அனுப்பிய அறிவிப்பு அது.

கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவருக்கு, 61-ஆம் நாளிலிருந்து இழப்பீடு குறைகிறது. ஊனம் 20 விழுக்காடோ அதற்கு மேலோ என மதிப்பிடப்பட்டிருந்தாலும், 10 விழுக்காட்டுக்குரிய தொகையே கிடைக்கும். சிறை சென்றதை எவரும் முன்னாள் படைவீரர் நலத்துறைக்குத் தெரிவிக்காததால் முழுத்தொகையும் வந்துகொண்டிருந்தது, குடும்பம் அதை வாடகைக்குச் செலவிட்டது, கடன் ஏறியது. குறைக்கப்படும் தொகையைத் தேவையிலுள்ள குடும்பத்துக்குப் பிரித்தளிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லவும் ஆளில்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

விடுதலையான ஓராண்டுக்குள் துறைக்குத் தெரிவித்துவிட்டால், வெளியே வந்த நாளிலிருந்தே முழு இழப்பீடும் கணக்கிடப்படும். ஆனால் பணம் கைக்கு வரும்வரை அவர் எதை வைத்துப் பிழைப்பார்? ஆகவே, தேவையான படிவங்களை உள்ளே இருக்கும்போதே நிரப்பி ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். சிறைக்குள் மருத்துவம் அளிக்கும் பொறுப்பு சிறை நிர்வாகத்துடையது என்பதால், நலத்துறை மருத்துவமனையில் விடுதலைக்குப் பிந்தைய முதல் சந்திப்பையும் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். இதற்கென்றே சிறைகளுக்கு வரும் மறுவாழ்வு அலுவலர்கள் அத்துறையில் இருக்கிறார்கள்.

வெட்கத்தாலும், உதவித்தொகை போய்விடும் என்ற அச்சத்தாலும், படையில் இருந்ததையே மறைப்பவர்கள் உண்டு. சிறை நிர்வாகங்கள் தங்கள் பட்டியலை நலத்துறையின் பதிவேட்டோடு ஒப்பிட்டு இவர்களைக் கண்டறிய வழி இருக்கிறது; அதை எல்லாச் சிறைகளும் பயன்படுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் படைவீரர்களுக்கு, சிறைக்கு அனுப்பும் முன்பே சிகிச்சையும், தோழராக ஒரு முன்னாள் வீரரும் கிடைக்கச் செய்யும் தனி நீதிமன்றத்தை 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் தொடங்கினார். பின்னர் பல மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின.

நன்மதிப்பின்றிப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களும் தமக்கு ஒன்றும் கிடைக்காது என்று தாமாகவே முடிவுசெய்துவிடலாகாது. தகுதியைத் தீர்மானிப்பது நலத்துறை, எனவே விண்ணப்பிக்க வேண்டும். டிடி-214 எனும் பணிவிடுவிப்புச் சான்றின் நகல் குடும்பத்தினரிடம் இருந்தால் அதை இப்போதே மறுவாழ்வு அலுவலரிடம் சேர்த்துவிடுங்கள்.