மாடித் தோட்டத்து ரயிலும் 230 வோல்ட்டும்

வீடுகளின் மின் இணைப்பை ஆய்வு செய்து தருவது என் தொழில். சென்னையில் மொட்டை மாடித் தோட்டத்துத் தொட்டிச் செடிகளுக்கு நடுவே, 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் மாதிரி ரயில் ஓட்டும் குடும்பங்களும் அவ்வப்போது அழைப்பதுண்டு. தண்டவாளத்தில் பாய்வது பெரும்பாலும் 24 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்சாரம் என்பதால் விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ணி, அதற்கு மின்சாரம் தரும் பெட்டியையே எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு மாடிக்குக் கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த உறை எம்மாத்திரம்?

230 வோல்ட் வீட்டு மின்சாரம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். குறைந்த மின்னழுத்தக் கம்பி மட்டுமே சுவரைத் தாண்டலாம். பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் உள்வரும் சுருளும் வெளிச்செல்லும் சுருளும் ஒன்றோடொன்று தொடர்பின்றி, தரமான காப்புடன் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவான அடாப்டர்களில் இந்தப் பிரிப்பு நம்பத்தக்கதாக இருப்பதில்லை. அந்தப் பெட்டியைச் செருகும் பிளக் பாயின்ட்டுக்கு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் அவசியம்.

ஆனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதி அடைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் தடம் புரண்டு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டால், 18 வோல்ட்டில் 10 ஆம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 180 வாட். 230 வோல்ட் பக்கத்தில் அது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. அதைப் பொருட்படுத்தாது, கசிவு இல்லாததால் ஆர்.சி.சி.பி.யும் அசையாது. மெல்லிய கம்பி மட்டும் சூடேறி உருகும். ஆகவே தண்டவாளத்துக்குச் செல்லும் கம்பியிலேயே, அதன் தடிமனுக்கேற்ற ஃபியூஸ் ஒன்று தேவை. ரிச்சி தெருவில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருள்தான். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் வைத்திருக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறைக்கு இது மேலும் பொருந்தும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. பித்தளைத் தண்டவாளம் கறுத்து, இணைப்புகளில் மின்தடை கூடுகிறது. இணைப்புக்கு 0.1 ஓம் என்றால் பத்து இணைப்புகளைக் கடக்கும்போது 2 ஆம்பியருக்கு 2 வோல்ட் குறைந்துவிடும். ரயில் மந்தமாகிறதே என்று மின்னழுத்தத்தைக் கூட்டாமல், இணைப்புகளைத் துடைத்து, இடையிடையே தனிக் கம்பி மூலம் மின்சாரம் தருவதே முறை.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, கடலோர வீடுகளுக்கு பேட்டரியும் ரேடியோ ரிமோட்டும்தான் என் பரிந்துரை. தண்டவாளத்தில் மின்சாரமே இராது. அதே சமயம் லித்தியம் பேட்டரிக்கும் ஒழுங்கு உண்டு. பாதுகாப்புச் சுற்று இல்லாத செல்களையும், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியவற்றையும் தவிர்க்க வேண்டும். பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத வெயிலில் நின்ற இன்ஜினின் உட்புறம் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். எனவே பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் ஆறவைத்து, அதற்குரிய சார்ஜரில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள்.