முதல் பத்து ஆட்டங்களை நம்பலாமா?

2011 ஏப்ரல் 23. லண்டனில் கொட்டிய மழையில் செல்சி கால்பந்துக் கிளப்பின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம் ஆங்காங்கே குட்டையாகிக் கிடந்தது. ஆட்டம் முடிய ஆறேழு நிமிடங்களே இருந்தபோது செல்சியின் அனெல்கா தள்ளிவிட்ட பந்து தேங்கிய நீரில் சிக்கி சக முன்கள வீரர் ஃபெர்னாண்டோ டாரஸின் காலடியில் நின்றது. திரும்பி அடித்தார். எதிரணியான வெஸ்ட் ஹாமின் வலை குலுங்கியது. செல்சிக்காக அவர் போட்ட முதல் கோல் அது. அதற்கு முன் 903 நிமிடங்கள் வறட்சி. அந்த ஆண்டு ஜனவரியின் கடைசி நாளில் லிவர்பூலிடமிருந்து அவரை வாங்க செல்சி கொடுத்த விலை 5 கோடிப் பவுண்ட். அதற்கு முன் எந்த பிரிட்டிஷ் கிளப்பும் ஒரு வீரருக்கு அவ்வளவு கொடுத்ததில்லை.

கிளப் மாறி வந்த வீரரை முதல் சில ஆட்டங்களை வைத்தே எடைபோடலாமா? அந்த 903 நிமிடங்களில் ஏமாற்றியது காலா, காலமா? இதை ஓரளவு கணக்குப் போட்டே பார்க்கலாம்.

லிவர்பூலுக்காக இங்கிலாந்து லீக்கில் 102 ஆட்டங்களில் டாரஸ் போட்டவை 65 கோல்கள். ஆட்டத்துக்கு 0.64. இதை 90 நிமிடங்களுக்குப் பங்கிட்டால், ஏதேனும் ஒரு நிமிடத்தில் அவர் கோல் போடுவதற்கான வாய்ப்பு சுமார் 0.7 சதவீதம், போடாமலிருக்க 99.3 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணை 903 முறை தன்னோடு தானே பெருக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது ஏறத்தாழ 600இல் ஒரு பங்கு. அதாவது, பழைய டாரஸாகவே இருந்திருந்தால் இத்தனை நீண்ட வறட்சி வெறும் துரதிர்ஷ்டத்தால் வர வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் 'பழைய டாரஸ்' யார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2010இல் மட்டும் முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள். செல்சிக்கு வருவதற்கு முந்தைய அரைப் பருவத்தில் லிவர்பூலுக்காக அவர் லீக்கில் போட்டவை 23 ஆட்டங்களில் 9 கோல்கள்தான். இந்த வேகத்தை வைத்து அதே பெருக்கலைச் செய்தால் விடை 50இல் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் பல பத்து முன்கள வீரர்கள் கிளப் மாறுகிறார்கள். ஐம்பதில் ஒருவருக்கு நேரக்கூடியது யாரோ ஒருவருக்கு நேர்ந்தே தீரும். அந்த ஒருவரின் பெயர் மட்டும்தான் நம் நினைவில் நிற்கும்.

சரிவு லிவர்பூலிலேயே தொடங்கிவிட்டது என்பதே என் கணிப்பு. செல்சியின் பணம் 2008ஆம் ஆண்டு டாரஸுக்குப் போனது, வந்து சேர்ந்தவர் 2011ஆம் ஆண்டு டாரஸ். அங்கே லீக்கில் 110 ஆட்டங்கள் ஆடி 20 கோல்களோடு அவர் விடைபெற்றார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உண்மையில் அது மாதிரியெடுப்பு பற்றிய நல்ல அறிவியல் விதி, ஒரு நிபந்தனையோடு: எல்லா அரிசியும் ஒரே கொதிநீரில் புரண்டிருக்க வேண்டும். கால்பந்தில் ஓர் ஆட்டம் கடைசி இடத்து அணியோடு, அடுத்தது முதலிடத்து அணியோடு. ஒரு நாள் ஒரு வீரர் தொண்ணூறு நிமிடமும் ஆடுவார், மறுநாள் மாற்று வீரராக இருபது நிமிடம். இந்தப் பானையைக் கிளற ஆளில்லை. மேலிருந்து எடுத்த ஒரு பருக்கையை வைத்து அடியில் வெந்துவிட்டதா என்று சொல்ல முடியாது.

வறட்சிக்கு மட்டுமல்ல, அடைமழைக்கும் இது பொருந்தும். 2012 ஜனவரியில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் அணியிலிருந்து நியூகாசிலுக்கு வந்த பாபிஸ் சிசே, லீக்கில் 14 ஆட்டங்களில் 13 கோல்கள் போட்டார். அதில் ஒன்று இதே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில், பெனால்டி பகுதிக்கு வெளியே இடப்பக்க ஓரத்திலிருந்து பந்தை வளைத்து எதிர்மூலையில் இறக்கியது. அந்தக் கோலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆட்டத்துக்கு 0.93 கோல். இதை எவராலும் தக்கவைக்க முடியுமா?

இங்கே உதவுவது, பழைய தகவலையும் புதியதையும் ஒரே தராசில் வைப்பது. ஃப்ரைபுர்க்குக்காக லீக்கில் 65 ஆட்டங்களில் 37 கோல்கள். இரண்டையும் கூட்டினால் 79 ஆட்டங்களில் 50, ஆட்டத்துக்கு 0.63. 14 ஆட்டப் பரபரப்பு 65 ஆட்ட வரலாற்றின் முன் இவ்வளவுதான் நகர்த்துகிறது. அடுத்த பருவத்தில் அவர் போட்டவை 36 ஆட்டங்களில் 8. கூட்டிப் பார்த்த கணக்குகூட அவரை உயரத்தில்தான் வைத்தது. சக முன்கள வீரர் டெம்பா பா நடுவில் ஆடியதால் சிசே அடிக்கடி ஓரத்துக்குத் தள்ளப்பட்டார் என்பது அந்த எண்களுக்குத் தெரியாது.

கோல்களை எண்ணுவதில் இருக்கும் தொல்லை அவை அரிதானவை என்பதே. இப்படிப்பட்ட நிகழ்வுகளில் எண்ணிக்கையின் வர்க்கமூலமே தோராயமான தடுமாற்றம். பத்து ஆட்டங்களில் 4 கோல் எதிர்பார்த்தால் 2 கூடலாம், 2 குறையலாம். பாதிக்குப் பாதி பிழை. அதே வீரர் அதே பத்து ஆட்டங்களில் கோலை நோக்கி 30 முறை உதைத்திருந்தால் தடுமாற்றம் ஐந்தரை மட்டுமே, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே புதியவரைப் பார்க்கும்போது கோலை விட்டு உதைகளை எண்ணுவதே முதல் வேலை.

எல்லா உதையும் ஒன்றல்ல. முப்பது மீட்டரிலிருந்து ஆசைக்கு ஒன்று அடிப்பதும், கோல்கீப்பருக்கு முன்னால் தனியாக நின்று அடிப்பதும் எப்படி ஒன்றாகும்? ஆகவே தொலைவு, கோணம், காலா தலையா என்பதையெல்லாம் கொண்டு, முன்பு அதே போன்ற இடங்களிலிருந்து அடிக்கப்பட்டவற்றில் எத்தனை கோலாயின என்று பார்த்து ஒவ்வோர் உதைக்கும் ஒரு மதிப்புத் தருகிறார்கள். இதுதான் ஒளிபரப்புகளில் இப்போது காட்டப்படும் எக்ஸ்ஜி (xG), அதாவது எதிர்பார்க்கப்படும் கோல். பெனால்டிக்கு அந்த மதிப்பு 0.8க்குச் சற்றுக் குறைவு. உதைகளைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் பத்தில் ஒன்றுதான் கோலாகிறது.

இதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் லைப்சிக் அணிக்காக ஒரே லீக் பருவத்தில் 28 கோல்கள் போட்டுவிட்டு 2020இல் செல்சிக்கு வந்த டீமோ வெர்னருக்கு முதல் பருவத்தில் லீக்கில் கிடைத்தவை 6. அவருக்கு வாய்த்த இடங்களின் எக்ஸ்ஜி அதைவிடத் தெளிவாக அதிகம். காத்திருந்தால் சரியாகும் என்று நானும் நம்பினேன். அடுத்த பருவத்தில் 4. பிறகு லைப்சிக்குக்கே திரும்பிவிட்டார். எதிரணி முன்னேறி வந்து பின்னால் வெட்டவெளி விட்டால் ஓடிப் பிடிக்கும் வீரர் அவர். செல்சியைச் சந்திக்கும் அணிகள் பெரும்பாலும் பத்துப் பேராகக் கோலை அடைத்து நிற்கும். டாரஸுக்கும் அங்கே இதே கதைதான்.

தடுப்பு வீரர்களை எடைபோடுவது இன்னும் சிக்கல். வர்ஜில் வான் டைக் 2018 ஜனவரியில் லிவர்பூலுக்கான முதல் ஆட்டத்திலேயே எவர்டனுக்கு எதிராகத் தலையால் முட்டி வெற்றிக் கோல் போட்டார். அழகுதான். ஆனால் அவரை வாங்கிய வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய எண்களும் சில நேரம் தவறான ஆளையே காட்டும். 1999 ஆகஸ்டில் ஆர்சனலுக்கு வந்த தியரி ஆன்றியை அவரது பழைய கிளப்புகளான மொனாக்கோவும் யுவென்டஸும் பெரும்பாலும் ஓரத்தில் ஆட வைத்திருந்தன. மொனாக்கோ லீக் கணக்கு 105 ஆட்டங்களில் 20 கோல்கள். எந்தத் தராசும் அவரைக் கோல் வேட்டைக்காரர் என்று சொல்லியிருக்காது. மொனாக்கோவில் சிறுவனாகவே அவரைப் பார்த்திருந்த ஆர்சனல் மேலாளர் ஆர்சன் வெங்கர் அவரை முன்கள நடுவில் நிறுத்தினார். ஆகஸ்ட் கடந்தது, கோல் இல்லை. செப்டம்பர் பாதி கடந்த பிறகு சவுதாம்ப்டன் மைதானத்தில் மாற்று வீரராக இறங்கி, பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து திரும்பி ஒன்றை அடித்தார். ஆர்சனலுக்காக அவர் போட்ட 228 கோல்களில் அதுதான் முதலாவது.