எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவுக்குக் கீழே குனிந்து பாருங்கள்

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்ஜிபி. பிரிட்டனில் இன்றும் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் அது முன்வரிசையில் இருப்பதற்கு அந்த எண்ணிக்கை ஒரு முக்கியக் காரணம். "பல வருடமாக ஓடவில்லை, கொஞ்சம் வெல்டிங் வேலை இருக்கிறது" என்று விளம்பரம் போட்ட வண்டி சில ஆயிரம் பவுண்டுக்கே கிடைத்துவிடும். அந்தக் 'கொஞ்சம் வெல்டிங்'கில்தான் பலருடைய சேமிப்பு கரைந்திருக்கிறது. வாங்க வருகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜினையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் காரின் விலையை முடிவு செய்ய வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் தகரம்.

எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. மேற்கூரை இல்லாத ரோட்ஸ்டர் நடுவில் வளையாமல் தாங்கி நிற்பது பெரும்பாலும் கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் 'சில்' என்கிற பகுதிகளால்தான். ஒவ்வொரு சில்லும் ஒரு மூடிய பெட்டி: வெளித்தகரம், உள்தகரம், இரண்டுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு தடுப்புத்தகரம், அடியில் 'காசில் ரெயில்' என்கிற மடித்த பட்டை. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு மட்கார்டுக்குள் அடிமூலையில் தங்குகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதோடு சேர்கிறது. ஈரம் உள்ளே இறங்க, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்டில் கொப்புளம் தெரிகிற நாளில் நடுத்தகரம் அனேகமாகச் சல்லடையாகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாக்கி போதும். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், கதவைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்து ஜாக்கிங் பாயின்ட்டில் ஜாக்கி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். கதவின் பின்விளிம்பில் இடைவெளி மாறினாலோ, கதவு இடித்துக்கொண்டு மூட மறுத்தாலோ, பாடி நடுவில் வளைகிறது என்று பொருள். ஜாக்கிங் பாயின்ட்டே நொறுங்கி உள்ளே போனால் அங்கேயே நிறுத்திவிடலாம். தூக்கிய வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு இல்லாமல் தலையை நீட்டாதீர்கள்.

அடுத்தது, துணி சுற்றிய சிறு காந்தம். சில், பின்சக்கர வளைவின் முன்பக்கம், மட்கார்டின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை அடைத்துப் பூசிய கலவை. அதைவிட மோசமான ஏமாற்று, துருப்பிடித்த பழைய சில்லின் மேலேயே புதுத் தகரத்தை மூடி ஒட்டுவது. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், பலம் துளியும் இருக்காது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்கான சில், முன் மட்கார்டுக்கு உள்ளே நுழைந்து முன்பக்கத் தடுப்பு வரையும், பின்னால் பின் மட்கார்டுக்கு அடியிலும் போகும். ஆகவே சில்லை முறையாக மாற்ற வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்றவோ அதன் அடிப்பாகத்தை வெட்டவோ வேண்டும், பின் மட்கார்டின் அடியையும் வெட்ட வேண்டும். 'புது சில் போட்டாச்சு' என்கிறவரிடம் மட்கார்டுகளை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோவைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அது மூடித் தகரம் என்றே கணக்கில் வையுங்கள்.

முறையான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால்தான் அதற்கு ஏன் இவ்வளவு கூலி என்பது புரியும். வண்டியைச் சமமாகத் தாங்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்கி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வெட்டினால் பாடி தொங்கிவிடும், பிறகு எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. உள்தகரம், காசில் ரெயில், நடுத்தகரம் எல்லாம் முதலில் வரும். வெளித்தகரத்தை கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகே வெல்டு செய்யலாம். மேல்தகரத்தில் 6 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாக பிரைமர் அடித்து, துளைகளை மிக் வெல்டிங்கால் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) நிரப்புவது வழக்கம். ஒரே மூச்சில் நீளமாக இழுத்தால் சூட்டில் தகரம் நெளியும். கடைசியில் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும், இல்லையென்றால் சில வருடத்தில் துரு திரும்ப வரும்.

சில் சரியாக இருந்தால் மற்ற இடங்களுக்குப் போகலாம். இருக்கைக்கு அடியில் தரைத்தகரம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை பொருந்தும் இடம், இருக்கைக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிகள் (1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பிறகு ஒரே 12 வோல்ட்). கதவில் முக்கோணக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விரிசல் எம்ஜிபிக்கே உரிய நோய். அது எரிச்சல்தான், ஆபத்து இல்லை.

இன்ஜினுக்கு வருவோம். 1798 சிசி, பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். நம்மூர் அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான் என்பதால், அதைப் பிரித்துச் சேர்த்த கைக்கு இது அந்நியமாக இருக்காது. சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேலும், ஐடிலில் 15 முதல் 25 வரையும் இருந்தால் நிம்மதி. நான்கு சிலிண்டரின் கம்பிரஷனும் ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்ப கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கிளட்ச் தகடு மலிவு, ஆனால் அதை மாற்ற இன்ஜினை வெளியே எடுக்க வேண்டும். இன்ஜின் முற்றிலும் பழுது என்றாலும் பயப்படாதீர்கள், மாற்று இன்ஜின் தாராளமாகக் கிடைக்கும். புது பாடி ஷெல்லும் பிரிட்டனில் தயாராகிறது, ஆனால் அதன் விலை பத்தாயிரம் பவுண்டுக்கு மேல், பெயின்டும் உதிரியும் அதற்குள் சேராது.

முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது ஸ்டியரிங்கோடு முன்சக்கரம் திரும்பும் அச்சு. கிரீஸ் அடிக்காமல் விட்ட வண்டிகளில் கிங்பின் தேய்ந்துதான் இருக்கும். ஸ்போக் வீல் என்றால், பிரேக் பிடித்த நிலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால், சக்கரமும் அதைத் தாங்கும் ஹப்பும் கோர்த்துக்கொள்ளும் பல்வரி தேய்ந்துவிட்டது. சக்கரத்தை மட்டும் மாற்றினால் தேய்ந்த ஹப் புதுச் சக்கரத்தையும் தின்றுவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

1974 செப்டம்பருக்குப் பிறகு வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகள் ஒன்றரை அங்குலம் உயரமானவை, வளைவில் கொஞ்சம் சாயும், அதனால் விலையும் குறைவு. குறைந்த பட்ஜெட்டுக்கு எங்கள் சிபாரிசு நல்ல பாடியுள்ள ரப்பர் பம்பர் வண்டிதான். குரோம் பம்பருக்காக மக்கிய பாடியை எடுக்காதீர்கள். கூரையுள்ள ஜிடியும் ரோட்ஸ்டரைவிடப் பொதுவாக மலிவு.

நாற்பது வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு பிரிட்டனில் 2018 மே முதல் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, சாலை வரியும் இல்லை. எல்லா எம்ஜிபியும் இப்போது இந்த வயதில்தான் இருக்கிறது. 'எம்ஓடி தேவையில்லை' என்று விற்பவர் சொல்வது சட்டப்படி சரி, ஆனால் பல வருடமாக யாருமே அடியில் பார்க்கவில்லை என்பதும் அதற்கு அர்த்தமாக இருக்கலாம். 2005க்குப் பிந்தைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். துரு பற்றிய குறிப்பு வருடா வருடம் வந்து, பிறகு சோதனையே நின்றுபோயிருந்தால் காரணம் கேளுங்கள்.

கணக்கை வாங்குவதற்கு முன்னால் எழுதுங்கள். பாடி வேலைக்கு டிங்கரிடம் எழுத்தில் எஸ்டிமேட், பெயின்ட், குரோம், டாப், சீட், பிரேக், டயர், அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு. கூட்டித்தொகையை, ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எம்ஜிபியின் விலையோடு ஒப்பிடுங்கள். வேலையை வெளியில் கொடுப்பவருக்கு ஓடும் வண்டி பெரும்பாலும் மலிவாகவே முடியும். மூடிய கராஜ், வெல்டிங் தெரிந்த கை, இரண்டு மூன்று வருடப் பொறுமை, இந்த மூன்றும் உள்ளவருக்கு மட்டும் கணக்கு மாறும். பிரித்த வண்டிக்கு முழு வண்டியைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

யாரோ பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைத்த வண்டியானால் விலையை இன்னும் குறைத்துக் கேளுங்கள். விண்ட்ஸ்கிரீன் சட்டமும் டாப்பின் மடிப்புச் சட்டமும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், தனியாக வாங்கினால் இரண்டும் செலவு. முன்பணம் கொடுக்கும் முன் பானெட்டுக்குக் கீழே உள்ள சேஸி எண்ணை வி5சி பதிவு ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும், விளக்கம் ஆவணமாகக் கைக்கு வரும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.