அரிசி மூட்டைக்கு வரும் நன்கொடை ஆலோசகர் சம்பளத்துக்கும் வர வேண்டும்

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அவற்றுள் சில, வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்களுக்கும், படிப்பு நின்று திருமணத்துக்குத் தள்ளப்படும் சிறுமிகளுக்கும் துணை நிற்பவை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கிய பிறகு எழுதப்பட்ட அந்த நிறுவனங்களின் பேரேடுகளில் ஒரே போக்கைக் கண்டேன். அரிசி, பருப்பு, முகக்கவசம், சானிட்டரி நாப்கின் என்று பெயர் குறித்து வந்த நன்கொடைகள் பெருகியிருந்தன. அந்தப் பெண்களுக்குத் துணை நின்று வழிகாட்டும் ஆலோசகரின் சம்பளத்துக்கும், அவர்கள் தங்கும் காப்பகத்தின் வாடகைக்கும் வர வேண்டிய பணம் சுருங்கியிருந்தது.

தேவையோ நேர்மாறாக இருந்தது. அடிப்பவரோடு இரவும் பகலும் ஒரே வீட்டில் அடைபட்ட பெண்ணால் தொலைபேசியில் வாய்விட்டுப் பேசக்கூட முடியவில்லை. 2020 ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் புகார்களுக்கென்றே வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். அப்படி வரும் ஒரு செய்தியைப் படித்து, பதற்றப்படாமல் பதில் எழுதி, காவல் நிலையத்தோடு பேசி, அந்தப் பெண்ணை வெளியே அழைத்து வர அனுபவமுள்ள ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதம் தவறாமல் சம்பளம் வேண்டும்.

அந்த ஆண்டுக் கணக்கில் பார்த்த ஒரு செலவுச் சீட்டைச் சொல்கிறேன். இரவு ஆட்டோ வாடகை, பால் பவுடர், நைட்டி, ஒரு ஜோடி செருப்பு என்று எழுதியிருந்த அந்தச் சீட்டில், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் ஆகிய இரண்டு கட்டங்களும் காலியாக விடப்பட்டிருந்தன. காப்பகத்தின் முகவரி எந்தத் தாளிலும் ஏறக் கூடாது என்பதால், அதற்கு ஈடாக வழக்கு எண்ணும் இரண்டு பொறுப்பாளர்களின் கையெழுத்தும் இருந்தன. அதை நான் ஏற்றுக்கொண்டேன். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. ஆகவே, நன்கொடை தருபவர்களே, உதவி பெற்றவரின் படத்தையோ பெயரையோ சான்றாகக் கேட்காதீர்கள். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கையைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் 2015 முதல் செயல்படுகின்றன. அங்கே தற்காலிகமாகத் தங்க அதிகபட்சம் 5 நாட்கள்தான் அனுமதி. ஆறாம் நாள் அந்தப் பெண் எங்கே போவார்? அரசு விடுதிகளில் இடம் கிடைக்காத நிலையில், பிள்ளைக்குப் பள்ளி மாற்றி, ஆதாருக்கு நகல் வாங்கி, ஒரு வேலை தேடிக்கொள்ளும் வரையிலான மாதங்களைத் தாங்குவது தொண்டு நிறுவனங்களின் காப்பகங்களே. பேரிடர் முடிந்ததும் நன்கொடை நின்றுவிடுகிறது. இந்த மாதங்கள் அப்போதுதான் தொடங்குகின்றன.

நெருக்கடியின் நடுவிலேயே, 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த நிதியில் செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குப் பகிர்ந்தளிப்பதும் தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்புகளின் வழியே நிதி பெற்றுவந்த மாவட்ட அளவிலான சிறு அமைப்புகளுக்கு அந்த வாசல் அடைபட்டதால், உள்நாட்டு நன்கொடையின் பொறுப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

வணிக நிறுவனங்கள் சமூகப் பணிகளுக்குத் தரும் சமூகப் பொறுப்பு நிதியை (சி.எஸ்.ஆர்.) கையாளும் அதிகாரிகளிடம் ஒரு தவறான புரிதலை அடிக்கடி காண்கிறேன். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியைக் காட்டி, ஆலோசகர் சம்பளத்தையே வெட்டிவிடுகிறார்கள். அந்த வரம்பு நிதி தரும் நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கு உரியது. களத்தில் பணியாற்றும் தொண்டு நிறுவனத்தின் செலவுக்கு உரியதன்று என்பதை மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. மேலும், தொடர் திட்டமாக அறிவித்தால், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுகள் வரை அதற்குச் செலவிடலாம். காப்பகத்துக்கு மிகவும் பொருந்தும் வழி இது என்பேன். ஓராண்டு நிதியை நம்பி யாரும் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுக்கத் துணிவதில்லை.

தனிநபராகக் கொடுப்பவர்கள் பணத்தோடு அனுப்பும் கடிதத்தில் கவனமாக இருங்கள். நல்லெண்ணத்தில் சிலர் ‘மூலநிதிக்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் அந்தத் தொகை முதலீடாகவே இருக்கும். நெருக்கடி முற்றும் மாதத்தில் அதை எடுத்து ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ‘சம்பளம், வாடகை, பயணம் உட்பட அமைப்பின் பொதுச் செலவுகளுக்கு, பொறுப்பாளர்களின் முடிவுப்படி’ என்று எழுதிக் கொடுங்கள்.