பொருளடக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை வரி

வேர்டில் பொருளடக்கத்தை அலங்கரிப்பதற்கென்றே சிலர் அரை நாள் உட்காருவார்கள். ஒரு வரிக்கு நிறம், இன்னொன்றுக்குத் தடித்த எழுத்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி. எல்லாம் முடிந்தபின் எங்கோ ஒரு பத்தி சேரும். பக்க எண்ணைச் சரிசெய்ய எஃப்9 விசையைத் தட்டி, முழு அட்டவணையையும் புதுப்பிக்கச் சொன்னால், செய்த அலங்காரம் அத்தனையும் போய்விடும்.

ஆல்ட் விசையை அழுத்தியபடி எஃப்9-ஐத் தட்டினால் காரணம் தெரியும். அவ்வளவு பெரிய பட்டியல் மறைந்து, நெளிந்த அடைப்புக்குறிகளுக்குள் ஒற்றை வரி நிற்கும். அதில் டிஓசி என்ற எழுத்துகள், 1-3 என்ற எண்கள், இன்னும் சில குறிகள். இதற்கு ஃபீல்டு என்று பெயர். 'முதல் மூன்று நிலைத் தலைப்புகளைத் தேடி எடுத்து வரிசையாகப் போடு' என்கிற கட்டளை அது. நாம் பார்த்த பட்டியல், கடைசியாகத் தேடியபோது கிடைத்த விடை. மறுபடி தேடினால் பழைய விடையை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். கையால் பூசிய நிறமும் அதோடு அழியும்.

சரி, தலைப்பு எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? எழுத்தின் பருமனைப் பார்த்து இல்லை. ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று ஸ்டைல் (பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பு) கொடுத்த பத்திகளைத்தான் அது பொறுக்குகிறது. அந்தப் பத்திகளில் கண்ணுக்குத் தெரியாத புக்மார்க் (இட அடையாளம்) ஒன்றையும் வைத்துக்கொள்கிறது. தலைப்பை நீக்கிவிட்டு, பக்க எண்களை மட்டும் புதுப்பித்தால், எண் இருந்த இடத்தில் 'புக்மார்க் இல்லை' என்ற பிழைச்செய்தி வருவது அதனால்தான்.

அலங்காரத்தையும் இப்படி ஸ்டைலில்தான் செய்ய வேண்டும். பட்டியலின் வரிகளுக்கு டிஓசி 1 முதல் டிஓசி 9 வரை தனி ஸ்டைல்கள் உண்டு. அவற்றை மாற்றிவிட்டால் எத்தனை முறை புதுப்பித்தாலும் தோற்றம் குலையாது.

தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவில் ஓடும் புள்ளிக்கோடும் அப்படியே. புள்ளிகளைக் கையால் தட்டி எண்களை ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவது வீண் வேலை. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும்: 'ஞௌ' பிடிக்கும் இடத்தில் 'ர' இரண்டு மூன்று உட்காரும். எனவே வலது ஓரத்தில் ஒரு டேப் நிறுத்தம் (டேப் விசையைத் தட்டினால் போய் நிற்கும் இடம்) வைப்பார்கள். பக்க எண் அங்கே முட்டி நின்று இடப்பக்கமாக வளரும். நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அதை வேர்டே புள்ளியால் நிரப்பும்.

எனக்குப் பிடித்த சிக்கல் வேறொன்று. பொருளடக்கமும் இடம் பிடிக்கும். அது ஒரு பக்கத்திலிருந்து இரண்டாக வளர்ந்தால், பின்னால் உள்ள தலைப்புகள் நகரும். இப்போதுதான் எழுதிய எண்கள் பொய்யாகும். ஆவணங்களை அச்சுக்கு வடிவமைக்கும் லேடெக்ஸ் மென்பொருள் இதை ஒளிவுமறைவில்லாமல் காட்டிவிடுகிறது: முதல் ஓட்டத்தில் தலைப்புகளைத் தனிக் கோப்பில் எழுதும், அடுத்த ஓட்டத்தில் அதைப் படித்துப் பட்டியல் போடும், எண்கள் நிலைக்கச் சில சமயம் மூன்றாவது ஓட்டமும் தேவைப்படும். புத்தகங்களில் முன்பக்கங்களுக்கு ரோமன் எண் போட்டு, முதல் அத்தியாயத்தை 1-இல் தொடங்குவார்களே, அங்கே இந்தத் தொல்லை எழுவதே இல்லை. பொருளடக்கம் எவ்வளவு நீண்டாலும் முதல் அத்தியாயம் 1-ஆம் பக்கம்தான். வேர்டில் அதற்கு, ஆவணத்தைத் தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் ஒரு செக்‌ஷன் பிரேக் வைத்து, அடுத்த பகுதியின் பக்க எண்ணை 1-இலிருந்து தொடங்கச் சொன்னால் போதும்.