காஷ்மீரோடு லடாக்கையும் "சேர்த்துப் போடுங்க" என்பவர்களுக்கு

சுற்றுலா ஏற்பாடு செய்வது என் தொழில். கோடை விடுமுறை வந்தால் போதும், போனில் ஒரே பேச்சு: "காஷ்மீர் பேக்கேஜ்ல லடாக்கையும் ரெண்டு நாள் சேர்த்துப் போடுங்க, பக்கத்துலதானே?" சிரித்தபடியே சமாளித்து வந்தேன். போன வாரம் வந்த போனுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. வேறு இடத்தில் மலிவாகப் பதிவு செய்துகொண்டு போன குடும்பம். ஸ்ரீநகர் பார்த்துவிட்டு விமானத்தில் லடாக்கின் லே நகரம். மறுநாள் காலையே கார்துங் லா கணவாய். பாதி வழியில் அம்மாவுக்கு வாந்தி, நிற்க முடியாமல் தள்ளாட்டம். வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். "ஸ்ரீநகர்ல நல்லாத்தானே இருந்தாங்க?" என்று மகன் கேட்கிறார்.

நன்றாகத்தான் இருப்பார். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரம், நம் ஊட்டியைவிடத் தாழ்வு. லே சுமார் 3,500. கார்துங் லா 5,300-க்கும் மேல். "ஸ்வெட்டர், குல்லா எல்லாம் எடுத்தாச்சு" என்கிறார்கள். குளிரைப் பற்றி யார் பேசினார்கள்? ஜூலை மதியம் லேயில் வெயில் தோலை உரிக்கும். அங்கே ஆளைச் சாய்ப்பது உயரம், மேலே போகப் போக மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். அதற்குக் கம்பளி கிடையாது. ஜிம் உடம்பு, இளவயசு, மூச்சுப்பயிற்சி எதுவும் அதனிடம் செல்லாது. ஓடியாடும் இளைஞர்கள்தான் பெரும்பாலும் முதலில் படுக்கிறார்கள், சும்மா இருக்க மாட்டார்களே!

சோனமர்க்கைத் தாண்டி ஸோஜிலா கணவாய் ஏறிப் பாருங்கள். காஷ்மீர்ப் பக்கம் ஊசியிலைக் காடு, லடாக் பக்கம் மொட்டை மலை. மேகத்தை இமயம் மறித்துக்கொள்வதால் லேயில் ஆண்டுக்கே சுமார் 100 மி.மீ. மழைதான். காஷ்மீரில் பனி வழுக்கி விழச் சரிந்த தகரக் கூரை. மழை குறைவான லடாக்கில் மண் செங்கல் வீடு, தட்டைக் கூரை, மேலே குளிர்காலத்துக்கு அடுக்கிய வைக்கோல். 2010 ஆகஸ்டில் மேகம் வெடித்துக் கொட்டியபோது அந்த மண் வீடுகள் கரைந்துபோனது இதனால்தான்.

மனிதர்களும் வேறு. லே பக்கம் பௌத்தர்கள் அதிகம், பேசுவது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த லடாக்கி. அதற்காக லடாக் முழுக்க பௌத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். கார்கிலும் லடாக்தான், அங்கே ஷியா முஸ்லிம்கள் அதிகம். 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம். லேயில் விடுதிக்காரரிடம் "நீங்க காஷ்மீரியா?" என்று கேட்டு, அவர் முகம் போன போக்கை நான் பார்த்திருக்கிறேன். "ஜூலே" என்று ஒரு வணக்கம் சொல்லுங்கள், போதும். மணிக் கற்சுவரை (பௌத்த மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்) கடக்கும்போது அது உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும். பாங்காங் ஏரியில் படகு வீடு கேட்காதீர்கள் (கேட்டிருக்கிறார்கள்!).

சரி, போகிறவர்கள் கவனிக்க. விமானத்தில் லே போனால் முதல் இரண்டு நாள் அறையிலும் கடைத்தெருவிலும் மட்டும். மது வேண்டாம். நாள் இருந்தால் ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியே, இரவு கார்கிலில் தங்கிப் போங்கள். உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழி அப்படியல்ல, அதில் இரவு தங்கும் சார்ச்சுவே லேயைவிட உயரம். உயரத்தைச் சமாளிக்கும் மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாமை என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதய, நுரையீரல் தொந்தரவு உள்ள பெரியவர்களை டாக்டரிடம் கேட்காமல் தயவுசெய்து அழைத்துப் போகாதீர்கள்.

தலைவலி வந்தால் ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும், ராத்திரியானாலும் சரி. உள்ளூர் டிரைவர் "கீழே போயிடலாம்" என்றால் கொடுத்த காசைக் கணக்குப் பார்த்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.